பழைய செடித் தாள்கள், ஓவியங்கள், தோட்டக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கல்லூரி மாணவர்கள், சித்த மருத்துவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், தோட்டப் பிரியர்கள் என்று பலர் கேட்டவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ராபர்ட் வைட் என்பவரைச் சுற்றியே வரும். அவர் சேர்த்த செடிகள், வரையவைத்த ஓவியங்கள், எழுதிய கடிதங்கள் மூன்றுமே பெருமளவுக்குத் தப்பியிருப்பதால், தேடிப் பழக அவர் வசதியான ஆள்.

ஹெர்பேரியம்னா என்ன சார்? தோட்டமா, மியூசியமா?

இரண்டும் இல்லை. செடியை அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்று லேபிள் எழுதி, குடும்பவாரியாக அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் இடம். லண்டன் கியூ தோட்டத்தில் இப்படி சுமார் 70 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன.

ஆவணக் காப்பகம் என்பது வேறு. கடிதங்கள், களக் குறிப்பேடுகள், ஓவியங்கள், தோட்ட வரைபடங்கள், விதை வரவு செலவுப் பதிவேடுகள் எல்லாம் அங்கே இருக்கும். ஒரே நிறுவனத்துக்குள் இருந்தாலும் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை, தனித்தனிப் பொறுப்பாளர்கள். ஹெர்பேரியத்தில் மட்டும் தேடிவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. காய்ந்த செடி, ஓவியம், கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை விளங்கும். கீழே வரும் பல பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

வைட் யாரு? அவர் பேரை ஏன் இவ்வளவு சொல்றீங்க?

ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டில் செலவுக் குறைப்பு என்று அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 1834இல் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வாக்கர்-ஆர்னட்டுடன் சேர்ந்து தீபகற்ப இந்தியத் தாவரங்களுக்கு ஒரு முன்னோடி நூலை வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை 'ஐகோன்ஸ்' என்ற ஆறு தொகுதிகளைக் கொண்டுவந்தார். அதில் மட்டும் 2,101 படங்கள். 1840களில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். 1853இல் நாடு திரும்பி, 1872இல் இறந்தார்.

நம்ம மலையில பறிச்ச செடி எதுக்கு லண்டன்ல, எடின்பரோல இருக்கு?

கம்பெனி ஆட்சிக் காலத்தில் சேர்ந்தவை கம்பெனியின் தலைமையகத்துக்கே போய்ச்சேர்ந்தன. 1828இல் வைட்டின் பதவி போனபோது அரசுத் தொகுப்பும் லண்டன் போனது. சொந்தமாகச் சேர்த்ததை அவரே கொண்டு போனார். 1871இல் தன் ஹெர்பேரியத்தைக் கியூவுக்குக் கொடுத்தார். ஓவியங்கள் கியூ, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், எடின்பரோ அரச தாவரவியல் தோட்டம் என்று பிரிந்து கிடக்கின்றன.

அதற்கும் முன்னாலேயே இது நடந்திருக்கிறது. செடிகளுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1785இல் இறக்கும்போது தன் கையெழுத்துப் பிரதிகளை இங்கிலாந்து இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்தார். அதனால் அவையும் லண்டனில். இலங்கையில் 1670களில் பால் ஹெர்மன் சேர்த்த செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அந்தத் தொகுப்பும் இன்று லண்டனில்தான். அவற்றைத் திருப்பித் தரக் கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நான் நினைக்கிறேன். அது நடக்கும்வரை, குறைந்தபட்சம் தெளிவான ஸ்கேனும் முழு விவரமும் காசில்லாமல் நமக்குக் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்க்க எதுவும் இல்லையா?

நிறைய இருக்கிறது. முதலில் போக வேண்டியது கோயம்புத்தூர். வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் தொடங்கி, ஊட்டி வழியாகக் கோவைக்கு வந்து சேர்ந்தது. கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூலுக்கு (1915 முதல் 1936 வரை) இந்தத் தாள்கள் பெரிய ஆதாரம்.

அடுத்தது திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம். 1967இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கியது. சமவெளித் தமிழ்நாட்டுச் செடி எதைத் தேடினாலும் இங்கே ஒரு முறை கேளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் ஹெர்பேரியம் உண்டு. அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தஞ்சை சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி காலத்து இயற்கை வரலாற்று ஓவியங்கள் இருக்கின்றன. இலங்கைச் செடி என்றால் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் ஹெர்பேரியம்.

காய்ஞ்சு போன இலையை வச்சு இன்னைக்கு என்ன பண்றது?

நீலக்குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒரு முறை என்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். 2018, 2006, 1994 என்று பின்னால் போய் 1838 வரை நீலகிரியில் பூத்த ஆண்டுகளைப் பட்டியலிட முடிகிறதென்றால், யாரோ அந்தந்த ஆண்டில் பார்த்து எழுதி வைத்ததால்தான். பூவோடு கூடிய ஒரு தாளில் மாதமும் ஆண்டும் இருந்தால் அதுவே ஒரு சாட்சி.

இன்று கட்டடமாகிவிட்ட ஒரு ஏரிக்கரையில் முன்பு என்ன வளர்ந்தது, வெளிநாட்டுக் களைச்செடி ஒன்று எந்தப் பத்தாண்டில் நுழைந்தது, பூக்கும் மாதம் தள்ளிப்போயிருக்கிறதா என்பதெல்லாம் தாளில் இருந்தே தெரியவருகிறது. பழைய இலைத் துணுக்கிலிருந்து மரபணுவையும் எடுக்கிறார்கள். ஆனால் துணுக்கு எடுத்தால் தாள் குறையும். அதனால் ஹெர்பேரியங்கள் லேசில் அனுமதி கொடுப்பதில்லை. கொடுக்கவும் கூடாது.

படம் வரைஞ்சவங்க, செடி பறிச்சவங்க பேரெல்லாம் ஏன் எங்கேயும் இல்லை?

கேட்க வேண்டிய கேள்வி இது. வைட்டின் படங்களை முக்கியமாக வரைந்தவர்கள் இருவர்: ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. ஐகோன்ஸ் தொகுதியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தின் கீழ் விளிம்பை உற்றுப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் 'ருங்கையா டெல்.' அல்லது 'கோவிந்தூ டெல்.' என்று இருக்கும். வரைந்தவர் என்று அர்த்தம். கல்லச்சுக்கு மாற்றியவர் பெயரும் அங்கேயே இருக்கும். படத்தைக் கணினித் திரைக்காக வெட்டும்போது முதலில் போவது இந்த ஓரம்தான். அதனால் வெட்டாத முழுப் பக்கத்தைக் கேளுங்கள்.

இருவர் பெயரும் தாவரவியலில் ஏறியிருக்கின்றன. நம் வைத்தியத்தில் வரும் கோடகசாலை 'ருங்கியா' என்ற பேரினத்தில் வைக்கப்பட்டது. அது ரங்கையாவுக்காக 1832இல் நீஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சூட்டிய பெயர். ஓர் ஆர்க்கிட்டுக்கு வைட்டே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். அது இப்போது வேறு பேரினத்துக்குள் போய்விட்டது. எடின்பரோ தோட்டத்தின் தாவரவியலாளர் ஹென்றி நோல்டி இந்த இரு ஓவியர்களின் வேலையையும் 2007இல் விரிவாக வெளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு 'பெயர் தெரியாத இந்திய ஓவியர்' என்று அவர்களைப் பற்றி யாரும் எழுத வேண்டியதில்லை.

செடி பறித்தவர்கள் நிலைமைதான் வருத்தமானது. மலையேறி, அட்டைக்கடி பட்டு, கட்டுக் கட்டாகச் சுமந்து வந்தவர்களின் பெயர் லேபிளில் வராது. அனுப்பிவைத்த அதிகாரியின் பெயர்தான் வரும். அவர்களைச் சம்பளக் கணக்கு, பயணப்படி கேட்டு எழுதிய கடிதம், ஓவியத்தின் பின்பக்கம், குறிப்பேட்டின் ஓரம் போன்ற இடங்களில்தான் தேட வேண்டும். யாராவது ஒரு பெயரைக் கண்டால் தயவுசெய்து பக்க எண்ணோடு குறித்து வையுங்கள்.

லேபிள்ல இருக்கிற ஊர் பேரே புரியலையே?

வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும். 'கோர்ட்டாலம்' குற்றாலம். 'புல்னி' பழனி மலை. 'நெகபட்டாம்' நாகப்பட்டினம். 'ட்ராங்க்பார்' தரங்கம்பாடி. 'ஷெவகெரி ஹில்ஸ்' சிவகிரியை ஒட்டிய மலை. ஒரே ஆள் ஒரே ஊரை மூன்று விதமாக எழுதியிருப்பார். அத்தனையையும் போட்டுத் தேடுங்கள்.

'இந்தியத் தீபகற்பம்' என்று மட்டும் அச்சிட்ட லேபிளும் நிறைய வரும். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது கடிதம்தான் கை கொடுக்கும்: அந்த மாதத்தில் அவர் எங்கிருந்து எழுதினார் என்று பாருங்கள். வைட் குற்றாலத்தில் இருந்தாரா, கோவையில் இருந்தாரா என்று தெரிந்தாலே பரப்பு குறைந்துவிடும்.

பழைய ஏடுகள்ல செடிக்குத் தமிழ்ப் பேர் கிடைக்குமா?

கிடைக்கும், 300 ஆண்டுக்கு முந்தையதே கிடைக்கும். 1690களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், செடிகளைக் காயவைத்து, உள்ளூர்ப் பெயரோடும் மருந்துக் குணத்தோடும் லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். அவை அச்சிலும் வந்தன. அவருடைய காய்ந்த செடிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்லோன் தொகுப்பில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கேரளம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த மதபோதகர் ரோட்லர் இன்னொரு நல்ல இடம். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே, செடி சேர்த்தவரும் அவரே. அவருடைய தாள்கள் பிற்பாடு கியூவுக்குப் போய்ச்சேர்ந்தன. தமிழ் அறிந்த ஒருவர் கேட்டு எழுதிய பெயர் என்பதால் நான் அவரை அதிகம் நம்புவேன். மற்றவர்கள் எழுதியதில் எழுத்துப்பிழை, கேட்டதில் பிழை இரண்டும் உண்டு. எதையும் இன்று அந்த ஊரில் வழங்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே ஏற்க வேண்டும்.

ஊட்டி பூங்கா வரலாறு எழுதணும். எங்கே ஆரம்பிக்கிறது?

முதலில் காய்கறித் தோட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1840களில் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள் சந்தா கட்டிக் காய்கறி விளைவித்ததுதான் தொடக்கம். 1848இல் கியூவில் பயின்ற மெக்ஐவர் வந்து, தொட்டபெட்டா சரிவில் அதைத் தாவரவியல் தோட்டமாக மாற்றினார். 1860 முதல் கொயினா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

ஆவணங்கள் மூன்று திசையில் இருக்கின்றன. அரசாணைகளும் செலவுக் கணக்கும் எழும்பூரில். மெக்ஐவர் கியூ இயக்குநருக்கு எழுதிய கடிதங்கள் கியூவின் இயக்குநர் கடிதத் தொகுப்பில், அதாவது 1841 முதல் 1928 வரை 218 தொகுதிகளாகக் கட்டி வைத்திருக்கும் அந்தப் பெருந்தொகுப்பில். சின்கோனா கடிதங்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்காக அச்சிட்ட அறிக்கைகளில். இவற்றைத் தவிர, எந்தத் தோட்டமானாலும் விதைப் பரிமாற்றப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். எந்த மரம் எந்த ஆண்டில் எங்கிருந்து வந்தது என்பதை அதுதான் சொல்லும். பூங்காவில் தொங்கும் அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பி மரத்தின் வயதை எழுதாதீர்கள்.

சென்னையில் 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தையும் மறக்க வேண்டாம். வைட்டும், பிற்பாடு சென்னை மாகாண வனப் பாதுகாப்பைத் தொடங்கிவைத்த கிளெக்ஹார்னும் அதில் பொறுப்பில் இருந்தவர்கள். கிளெக்ஹார்னுக்கும் கோவிந்து வரைந்திருக்கிறார். அந்த ஓவியங்கள் எடின்பரோவில்.

கோயில் நந்தவனம் எல்லாம் இதுல சேருமா? இங்கிலீஷ்காரன் தோட்டம் மட்டும்தானா?

கட்டாயம் சேரும். நம்முடைய மிகப் பழைய தோட்ட ஆவணம் கல்லிலும் செம்பிலும் இருக்கிறது. திருநந்தவனப்புறமாக விட்ட நிலம், அதில் வேலை செய்தவர்களுக்கான நெல், தொடுக்க வேண்டிய மாலை என்று சோழர் காலக் கல்வெட்டுகள் விரிவாகச் சொல்கின்றன. நிலக்கொடைச் செப்பேடுகளில் தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் நட்டுக்கொள்ளும் உரிமை வரிசையாக வரும். எதை நடுவது என்பதே அனுமதி பெற வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது!

தோட்ட வரலாறு படிக்கிறவர்கள் கல்வெட்டுப் பக்கம் போவதில்லை, கல்வெட்டு படிக்கிறவர்கள் செடியை அடையாளம் காண மெனக்கெடுவதில்லை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால் ஒரு நல்ல நூலுக்கான வேலை இருக்கிறது.

எல்லாம் நெட்ல ஸ்கேன் இருக்கே, நேர்ல போகணுமா?

முதல் கட்டத்துக்கு ஸ்கேன் போதும். ஐகோன்ஸ் உள்பட வைட்டின் நூல்களை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2022இல் மெய்நிகர் ஹெர்பேரியம் ஒன்றைத் திறந்தது. கியூவும் எடின்பரோவும் தாள்களைப் படமெடுத்துப் போட்டிருக்கின்றன.

ஆனால் ஸ்கேனில் வராதவை உண்டு. ஓவியத்தின் பின்பக்கக் குறிப்பு, தாளின் நீர்க்குறி, உறைக்குள் மடித்து வைத்த விதை, பென்சிலில் எழுதி மங்கிப்போன எழுத்து. மேலே சொன்ன செடி பறித்தவர்களின் பெயர் ஒளிந்திருப்பதும் இந்த இடங்களில்தான். நேரில் போனால் கையுறை கேளுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய தாள்களில் பாதரச குளோரைடு பூசியிருப்பார்கள். அது விஷம். தாளைத் தொட்ட கையோடு காபி குடிக்காதீர்கள்.

'வைட் எண் இத்தனை'ன்னு போட்டிருக்கு. குறிப்பேட்டுல அந்த எண் வேற செடியைக் காட்டுதே?

இதில்தான் ஆராய்ச்சியாளர்களே தடுமாறுகிறார்கள். வைட் பெயரோடு வரும் எண் குறைந்தது மூன்று வகை. 1833 முதல் அவர் அச்சிட்ட பட்டியலின் எண். கம்பெனி ஹெர்பேரியத்தை கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வாலிச் பிரித்து அனுப்பியபோது கொடுத்த எண். 1866இலிருந்து கியூ அவருடைய உபரித் தாள்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியபோது கொடுத்த எண்.

மூன்றுமே இன்றைய பழக்கத்தில் சொல்லும் 'பறித்த எண்' கிடையாது. கியூ அனுப்பிய எண் ஓர் இனத்துக்கானது. ஒரே எண்ணில் குற்றாலச் செடியும் நீலகிரிச் செடியும் கலந்திருக்கலாம். லேபிளின் அச்சு வாசகத்தைப் பாருங்கள். 'கியூவில் பகிரப்பட்டது, 1866-7' என்ற பொருளில் இருந்தால் மூன்றாவது வகை. அந்த ஆண்டு செடி பறித்த ஆண்டும் அல்ல. வைட் 1853லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார்.

ஒரே தாள்ல மூணு செடிப் பேர் ஒட்டியிருக்கு. எது சரி?

பிற்பாடு பார்த்த நிபுணர்கள் ஒவ்வொருவரும் தன் முடிவை ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். பழையதைக் கிழிக்க மாட்டார்கள். பெரும்பாலும் கடைசிச் சீட்டை ஏற்கலாம், ஆனால் எழுதியவர் அந்தக் குடும்பத்தில் தேர்ந்தவரா என்று பாருங்கள். குறிஞ்சியை 1832இல் நீஸ் 'ஃப்ளெபோஃபில்லம்' என்றுதான் விவரித்தார். குறிஞ்சியை 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தது பின்னால்தான். பழைய கடிதத்தில் தேடுகிறவருக்குப் பழைய பெயர்தான் உதவும்.

மாதிரி தொலைஞ்சு ஓவியம் மட்டும் இருந்தா, அதை டைப்பா எடுத்துக்கலாமா?

டைப் என்றால் ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு நிலையான ஆதாரமாக வைக்கும் மாதிரி. பழைய பெயர்களுக்கு ஓவியத்தையும் அப்படி எடுத்துக்கொள்ளலாம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த, கேரளச் செடிகள் பற்றிய 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலின் படங்களே லின்னேயஸ் வைத்த பல பெயர்களுக்கு டைப். 2007 ஜனவரி 1 முதல் வெளியிடும் புது இனங்களுக்கு, அரிய விலக்குகள் தவிர, மாதிரிதான் வேண்டும். ஒன்று கவனியுங்கள்: தொலைந்ததாக நினைத்த மாதிரி, கியூ பகிர்ந்த உபரித் தாளாக வேறொரு நாட்டில் இருக்கக்கூடும். தேடிப் பார்க்காமல் ஓவியத்துக்குத் தாவ வேண்டாம்.

அந்தப் படத்தை என் புத்தகத்துல போடலாமா?

ஓவியத்துக்குக் காப்புரிமை முடிந்திருக்கும். ஸ்கேன் எடுத்த நிறுவனத்துக்கு அதன் சொந்த நிபந்தனைகள் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். போடும்போது ரங்கையா, கோவிந்து பெயரைப் படத்துக்கு அடியிலேயே போடுங்கள்.

நான் பேராசிரியர் இல்லை. உள்ளே விடுவாங்களா?

பல இடங்களில் விடுவார்கள், முன்கூட்டியே எழுதினால். "வைட் பற்றிப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் வருவது கஷ்டம். எந்தச் செடி, எந்த ஊர், எந்த ஆண்டுகள், தாளா கடிதமா என்று எழுதினால் பொறுப்பாளருக்கும் உற்சாகம் வரும். அரசுக் காப்பகம் என்றால் விண்ணப்பம், அடையாளச் சான்று, முடிந்தால் ஒரு பரிந்துரைக் கடிதம். பேனா கூடாது, பென்சில் கொண்டு போங்கள்.

எங்க தாத்தா பாட்டனி வாத்தியார். அவர் ஒட்டி வச்ச செடித் தாளும் நோட்டும் பரண்ல இருக்கு. என்ன பண்றது?

முதலில் எதையும் செய்யாதீர்கள். லாமினேட் செய்யக் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது, "அழகா அடுக்குறேன்" என்று வரிசையைக் கலைக்கக் கூடாது. இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் செல்போனில் படமெடுங்கள், லேபிள் தெளிவாகத் தெரியும்படி. நோட்டையும் தாள்களையும் பிரிக்காதீர்கள். நோட்டில் எண் மட்டும் இருந்து தாளில் ஊர் இல்லாமலிருந்தால், பிரித்த அன்றே இரண்டும் பாதி பயனை இழந்துவிடும்.

பூச்சி இருந்தால் மருந்து தெளிக்க வேண்டாம். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துவிடும். அப்புறம் கோவைக்கோ திருச்சிக்கோ எழுதிக் கேளுங்கள். ஊர், தேதி, பறித்தவர் பெயர் இருக்கும் தாள் என்றால் அவர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். லேபிளில் ஊர் விட்டுப்போயிருந்தால், தாத்தா எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், மாணவர்களை எங்கே கூட்டிப்போனார் என்று பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ இந்த வாரமே கேட்டு, தனித் தாளில் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டுக் கட்டோடு வையுங்கள்.